பட்டியலில் 43 புத்தகம், கையில் ஒரு ரயில் பயணம்: நீங்கள் எப்படிப் படித்து முடிக்கிறீர்கள்?

ரயில்வாசகி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே நீங்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

திருவள்ளூரிலிருந்து தினமும் சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவள். ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. மாதக் கடைசி வாரம் என்றால் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். மகன் ஏழாவது படிக்கிறான். மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. காலையும் இரவும் அவருக்குப் பயிற்சி செய்து விட வேண்டும்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கல்லூரி முடித்த வருஷத்திலிருந்து படிக்க வேண்டிய புத்தகங்களை எழுதி வருகிறேன். இப்போது 43 பெயர்கள். அதில் 29 வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பத்து வாங்குகிறேன், அடுத்த ஜனவரிக்குள் ஐந்து படிக்கிறேன்.

சிலவற்றைச் சொல்கிறேன். பொன்னியின் செல்வன், முதல் பாகத்தோடு நின்றது. ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி, இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் நாற்பது பக்கத்துக்குள் வைத்துவிட்டேன். உ.வே.சா.வின் என் சரித்திரம். ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள். பூமணியின் வெக்கை. அசோகமித்திரனின் தண்ணீர். புதுமைப்பித்தன் கதைகள் முழுத் தொகுப்பு.

பட்டியலில் உள்ள வரிசைப்படியே போவதா? ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கையில் வைத்துக்கொள்வதா? பிடிக்காததைப் பாதியில் விடலாமா? இரவு படுத்துக்கொண்டு படித்தால் நாலு பக்கத்தில் கண் சொக்கிவிடுகிறது. மறுநாள் அதே நாலு பக்கத்தைத் திரும்பப் படிக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் உங்கள் வழியைச் சொல்லுங்கள்.

---

வெட்டொன்று | திங்கள், இரவு 10.15

என் விதி எளிது. ஐம்பது பக்கம். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிடுவேன், பட்டியலிலிருந்தும் அடித்துவிடுவேன். வருஷத்துக்கு நாற்பது புத்தகம் முடிக்கிறேன். 43 என்பது உங்கள் வேகத்துக்கு எட்டு ஒன்பது வருஷம். பாதியைத் தள்ளுங்கள், மனசு லேசாகும்.

---

பழைய_பைண்டு | செவ்வாய், காலை 6.05

அம்மா, எனக்கு வயது 68. கும்பகோணம் பக்கம் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொன்னியின் செல்வன் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அது கல்கி பத்திரிகையில் 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்த தொடர்கதை. மூன்றரை வருஷம்! என் தாயார் அதை அப்படித்தான் படித்தார். வாரத்துக்கு ஒரு நாள் பத்திரிகை வரும். வீட்டில் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு மாமி எல்லோர் கையும் மாறி, கடைசியில் அம்மாவிடம் வரும்போது ராத்திரி ஆகியிருக்குமாம். அடுப்படி வேலை முடிந்து சிம்னி விளக்கில் படிப்பாராம். பிறகு அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஊசியால் தைத்து, கடையில் கொடுத்து பைண்டு போட்டு வைத்தார். அந்த பைண்டுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. ஓவியர் மணியத்தின் படங்கள், ஓரத்தில் துணுக்குகள், பின்பக்கத்தில் தைல விளம்பரம், எல்லாமே அப்படியே இருக்கின்றன.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நாவல் எழுதப்பட்டதே வேலை இருக்கிறவர்களுக்காகத்தான். ஐந்து பாகத்திலும் சேர்த்து 293 அத்தியாயம். ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். அடுத்த வாரம் வரை மறக்கக் கூடாது என்று ஆசிரியரே ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். நாளுக்கு ஒன்று வீதம் படித்தால் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். என் தாயாருக்கு ஆனதில் கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு. இதை ஒரே மூச்சில் விடுமுறையில் முடிக்க வேண்டும் என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை.

என் சரித்திரமும் அப்படித்தான். ஆனந்த விகடனில் 1940 ஜனவரியிலிருந்து வாரம் வாரம் வந்தது. 1942-இல் உ.வே.சா. ஐயரவர்கள் காலமானபோது 122-ஆவது அத்தியாயத்தோடு நின்றது. ஒவ்வொரு அத்தியாயமும் தனியாகவே நிற்கும். ஒரு வாரம் விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தாலும் இழை அறுந்த மாதிரி இருக்காது.

---

ரயில்வாசகி | செவ்வாய், காலை 8.10

ஐயா, ஆவடி தாண்டி நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். தொடர்கதை என்பது தெரியும். ஆனால் எனக்கு வேண்டிய கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது என்று இதுவரை தோன்றவில்லை. மிகவும் நன்றி.

---

இரவுப்பணி | செவ்வாய், மதியம் 2.30

நான் செவிலியர். மாதத்தில் எட்டு நாள் நைட் டூட்டி.

டூட்டி மாறிக்கொண்டே இருந்தால் "தினமும் இந்த நேரம் படிப்பேன்" என்பது நடக்காத காரியம். முதல் மூணு வருஷம் அப்படி ஒரு நேரம் வைக்கப் பார்த்தேன். ஒரு வாரம் நடக்கும், அடுத்த வாரம் டூட்டி மாறினதும் போயிடும். அப்புறம் ஒரு மாதம் புத்தகத்தையே தொட மாட்டேன். இப்போ நேரம் பார்க்கிறதை விட்டுட்டேன். உடம்பு எப்படி இருக்குன்னு பார்த்துப் புத்தகம் எடுக்கிறேன்.

நைட் முடிஞ்சு வர்ற காலையில் புது நாவல் தலையில் ஏறாது. அன்னிக்கு ஏற்கனவே படிச்ச கதை ஒண்ணு. கு. அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்' எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கே இல்லை. ஆஃப் நாள்ல மத்தியானம் தூங்கி எழுந்ததும் ரெண்டு மணி நேரம் கிடைக்கும். பெரிய நாவலெல்லாம் அந்த நேரத்துக்குத்தான். வார்டில் ஒருத்தரை இழந்த நாள் கதையே வேண்டாம்னு இருக்கும். அப்போ ஒரே ஒரு கவிதை. சில நாள் அதுவும் இல்லை.

அக்கா, பட்டியலை வரிசையாப் படிக்கணும்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எந்த மாதிரி நாளுக்கு ஆகும்னு ஒரு குறி போட்டு வையுங்க. களைச்ச நாளில் எதைப் படிக்கிறதுன்னு யோசிக்கக்கூடத் தெம்பு இருக்காது. அந்த யோசனையை நல்ல நாளிலேயே முடிச்சு வைக்கணும்.

---

கிளைநூலகர் | செவ்வாய், இரவு 8.20

ஒரு கிளை நூலகத்தில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். என் மேசையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, கோவில் குங்குமப் பொட்டலம், மளிகைச் சீட்டு என்று ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். வாசகர் அடையாளத்துக்கு வைத்தது. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால் அவர் எங்கே நின்றார் என்று தெரிந்துவிடும். தடிமனான நாவல்களில் அது பெரும்பாலும் அறுபது, எழுபதாம் பக்கத்தை ஒட்டித்தான் இருக்கும். பாத்திரங்கள் எல்லாம் அறிமுகமாகி, கதை இன்னும் சூடு பிடிக்காத இடம் அது. வாரக் கடைசியில் ஆசையாகத் தொடங்கியிருப்பார்கள். திங்கள்கிழமை வந்திருக்கும்.

அதனால் என்னிடம் பெரிய நாவல் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதல் நூறு பக்கத்தை இரண்டு மூன்று நாளில் கடந்துவிடுங்கள். நேரம் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் தொடங்குங்கள். அதன் பிறகு நாளுக்குப் பத்துப் பக்கம் என்றாலும் ஓடும். தொடக்கத்திலேயே பத்துப் பத்துப் பக்கமாகப் போனால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடும்.

இன்னொன்று. எங்களிடம் எடுத்தால் 15 நாள். பின் அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி முத்திரை இருக்கும். சொந்தப் புத்தகத்துக்கு அந்தத் தேதி கிடையாது. அலமாரியில் உங்களுக்குச் சொந்தமாக 29 இருக்கிறது என்கிறீர்கள். இரவல் எடுத்தது முடிகிறது, வாங்கியது காத்திருக்கிறது என்று எத்தனையோ வாசகர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஏன் நான்காவதை மட்டும் சொல்கிறேன் என்றால், எங்கள் தொழிலில் தினமும் உதவுவது அதுதான். வாசகர் உள்ளே வந்ததும் கைக்கு எட்டும் தூரத்தில் அவருக்கு வேண்டியது இருக்க வேண்டும். வீட்டிலும் அதையே செய்யலாம். இப்போது படிக்கும் இரண்டை மட்டும் வெளியே வையுங்கள், ஒன்று கைப்பையில், ஒன்று சாப்பாட்டு மேசையில். மற்ற 27-ஐயும் பீரோவுக்குள் வைத்து மூடுங்கள். கண்ணில் படும் 29 முதுகுகளும் ஒவ்வொரு நாளும் உங்களை "எப்போது?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

---

வெட்டொன்று | செவ்வாய், இரவு 9.00

நூலகர் ஐயா, அறுபதாம் பக்கத்தில் டிக்கெட் நின்றால் அது புத்தகத்தின் குறையாகவும் இருக்கலாம் இல்லையா? வாசகர் மேலேயே ஏன் பாரத்தைப் போட வேண்டும்?

---

கிளைநூலகர் | செவ்வாய், இரவு 9.25

இருக்கலாம். ஆனால் அதே பிரதியை அடுத்த வாசகர் முழுக்கப் படித்துவிட்டு, அதே ஆசிரியரின் வேறு நாவல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருகிறார். பாரத்தை யார் மேலும் போடவில்லை. தொடங்கிய வாரம் சரியில்லை என்றுதான் சொல்கிறேன். உங்கள் ஐம்பது பக்க விதி வேலை அதிகம் இருந்த ஒரு வாரத்தைப் பார்த்துப் புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

---

இருவர்_அம்மா | புதன், இரவு 11.50

எல்லோரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இரட்டைக் குழந்தைகள், இரண்டரை வயது. கூட்டுக் குடும்பம். மதியம் குழந்தைகள் தூங்கும்போது எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. நிஜமாகவே கிடைக்கிறது. அந்த ஒரு மணி நேரம் ஃபோன் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தால் மற்றவர்களும் வந்து உட்காருவார்கள். புத்தகத்தை எடுத்துப் பிரித்தால் மட்டும், "சும்மாதானே இருக்க, இந்த வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுக் குடு" என்று குரல் வரும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. புத்தகம் வைத்திருக்கும் பெண் அவர்கள் கண்ணுக்கு வேலை இல்லாமல் இருப்பவளாகத் தெரிகிறாள், அவ்வளவுதான். என் அம்மா வீட்டிலும் இதே கதை. அண்ணன் படித்தால் படிப்பு. நான் படித்தால் "கதைப் புஸ்தகம்".

ஒரு வருஷம் ஒளித்துப் படித்தேன். ஃபோனில் மின்னூலாக, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ஒரு கையில். பொன்னியின் செல்வனையும் புதுமைப்பித்தனையும் அப்படித்தான் முடித்தேன். இரண்டும் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பார்ப்பவர்களுக்கு நான் வாட்ஸப் பார்ப்பதுபோல இருக்கும். அப்படி இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதை நினைத்து ஒரு நாள் அழுதே விட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட்டேன். மதியம் இரண்டரையிலிருந்து மூன்றேகால் வரை நான் படிக்கிறேன், என்னைக் கூப்பிடாதீர்கள் என்று. கேட்டுக்கொள்ளவில்லை, தெரிவித்தேன். முதல் வாரம் மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் மூன்றேகாலுக்கு வருகிறேன் என்று சொல்லி, சரியாக மூன்றேகாலுக்கு எழுந்து போய் அந்த வேலையைச் செய்தேன். இப்போது கூப்பிடுவதில்லை. போன வாரம் நாத்தனார் மகள் வந்து பக்கத்தில் அவள் புத்தகத்தோடு உட்கார்ந்தாள்.

ரயில்வாசகி, நீங்கள் ரயிலில் மட்டும் படிப்பதற்குக் காரணம் நேரம்தானா, அல்லது அங்கேதான் உங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பதா?

---

ரயில்வாசகி | வியாழன், இரவு 10.05

இருவர்_அம்மா, நேற்றிரவு இதைப் படித்துவிட்டுப் பதில் எழுத முடியாமல் வைத்துவிட்டேன். இரண்டாவது காரணம்தான். வீட்டில் என்னைக் கூப்பிடாமல் இருக்கும் நேரம் எல்லோரும் தூங்கிய பிறகுதான். அந்த நேரத்தில்தான் நானும் தூங்கிவிடுகிறேன். கண் சொக்குவதை என் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவுப்பணி சொன்ன குறியை நோட்டில் போட்டுப் பார்த்தேன். என் பயணம் இரண்டு துண்டாக இருக்கிறது. திருவள்ளூரில் ஏறும்போது பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்காது. அம்பத்தூர், பட்டரைவாக்கத்தில் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். அதன் பிறகு இடம் கிடைக்கும். அதுவரை நிற்க வேண்டும். ஒரு கை கம்பியில், ஒரு கையில் புத்தகம்.

இதுவரை எப்போதும் தடிப் புத்தகத்தையே எடுத்துப் போய், நிற்கும்போது பையிலேயே வைத்திருந்தேன். அதனால் பாதிப் பயணம் ஃபோனிலேயே போனது. இனி நிற்கும் புத்தகம், உட்காரும் புத்தகம் என்று இரண்டு. தண்ணீர், வெக்கை இரண்டும் மெலிந்த புத்தகங்கள், ஒரு கையில் அடங்கும். பெரியவை அம்பத்தூருக்கு அப்புறம்.

---

ஸ்டியரிங் | வெள்ளி, காலை 5.15

வணக்கங்க. கோயமுத்தூர்ல கால் டாக்ஸி ஓட்டறேன். பத்தாவது வரைக்குந்தான் படிச்சேன். எழுத்துக் கூட்டிப் படிக்கறது மெதுவாத்தான் வரும். மூணு வருசமா ஒலிப்புத்தகம் கேக்கறேன். சவாரி எறக்கி விட்டுட்டுக் காலி வண்டியில திரும்பும்போது, ஏர்போர்ட்டுல காத்துக் கெடக்கும்போது கேப்பேன். ஆள் இருந்தா போட மாட்டேன். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் கேட்டு முடிச்சாச்சு. ஒங்க பட்டியல்ல பாதிய அப்படி முடிக்கலாங்க. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது காது சும்மாதானுங்களே இருக்குது.

---

வெட்டொன்று | வெள்ளி, காலை 9.10

கேட்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது படித்தது ஆகாது. ஒரு வரியில் நின்று, திரும்ப மேலே போய்ப் பார்க்க முடியாது. வேகம் உங்கள் கையில் இல்லை, வாசிப்பவர் குரலில் இருக்கிறது.

---

ஸ்டியரிங் | வெள்ளி, மதியம் 1.40

அண்ணா, எங்க ஊர்ல எங்க தாத்தா டீக்கடையில தினத்தந்திய சத்தமாப் படிப்பாரு. சுத்தி இருபது பேரு கேப்பாங்க. அவங்கள்ல பாதிப் பேருக்குக் கையெழுத்தே வராது. ஆனா சாயங்காலம் அந்தச் செய்தியப் பத்தி அவங்க பண்ணுற வாதத்தக் கேட்டா, பேப்பர் படிக்காதவங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கோயில்ல பாரதம் படிச்சப்பயும் படிச்சது ஒருத்தரு, மிச்சவங்க கேட்டவங்கதான்.

நான் ஒரு வரியில நிப்பாட்டிருக்கேன். குந்தவை பேசற ஒரு எடத்த நாலு தடவ பின்னால தள்ளிக் கேட்டேன். ஒலிப்புத்தகம் கேட்டுக் கேட்டுத்தான் தாள்ல படிக்கற தெகிரியமே வந்துச்சு. போன மாசம் வெக்கைய எழுத்துலயே படிச்சேன். அந்தப் பையன் ஓடற எட்டு நாள்ல நானும் கூடவே ஓடுன மாதிரி இருந்துச்சு. முடிக்க எனக்கு இருபது நாளாச்சு.

---

வெட்டொன்று | வெள்ளி, மதியம் 2.20

நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். "படித்தது ஆகாது" என்று எழுதியிருக்கக் கூடாது. எனக்கு ஒன்று மட்டும் இன்னும் தோன்றுகிறது. புயலிலே ஒரு தோணி போன்ற நாவலில் பேசுபவன் இந்தோனேசியாவின் மெடான் நகரில் ஒரு தெருவில் நடந்துகொண்டே மனதுக்குள் ஊருக்குப் போய்விடுவான். எது இப்போது, எது நினைவு என்று கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க முடியும். அதைக் காதால் கேட்கச் சொன்னால் எனக்கு முடியாது. கதை ஓடும் நாவல்களுக்கு உங்கள் வழி சரிதான்.

---

நல்லூர்க்காரன் | சனி, பின்னேரம் 4.30

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். வங்கி வேலை, இரண்டு பிள்ளையள்.

என்ர பட்டியல் நான் எழுதினது இல்லை, அம்மா எழுதினது. அவ இளம் வயசில யாழ்ப்பாண நூலகத்தில அங்கத்தவர். இரவல் எடுக்க நினைச்ச புத்தகங்களின்ர பேரை ஒரு கொப்பியில எழுதி வைச்சிருந்தவ. 1981-இல நூலகம் எரிஞ்சது. 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போச்சு. அம்மான்ர கொப்பி வீட்டில இருந்தபடியால் தப்பிச்சுது. அதில இருக்கிற பேருகளைத்தான் நான் ஒவ்வொண்டாத் தேடி வாசிக்கிறன்.

எனக்கு நேரத்தைவிடப் பெரிய பிரச்சினை, புத்தகம் கிடைக்கிறது. சிலது கடையிலயே இல்லை. 2005-இல தொடங்கின நூலகம் திட்டத்தில ஈழத்துப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில இணையத்தில கிடக்கு. ஆனால் பழைய அச்சின்ர ஸ்கானை ஃபோனில வாசிச்சால் கண் வலிக்கும். அதால பத்துப் பத்துத் தாளா அச்சடிச்சு, ஊசி குத்தி, கைப்பையில வைச்சுக்கொண்டு போறன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில ஒரு கட்டு. டானியலின்ர பஞ்சமர் அப்பிடித்தான் முடிஞ்சது. தடிப் புத்தகம் எண்ட பயமே வாறேல்லை, ஏனெண்டால் கையில இருக்கிறது பத்துத் தாள்தான்.

அம்மாவுக்கு இப்ப கண் சரியாத் தெரியாது. ஒவ்வொண்டு முடிஞ்சதும் கதையை அவவுக்குச் சொல்லுவன். சொல்ல வேணும் எண்டதுக்காகவே கவனமா வாசிக்கிறன். முதல்ல இருந்த மறதி இப்ப இல்லை.

---

பழைய_பைண்டு | சனி, இரவு 7.45

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பத்துத் தாள் கட்டு என்பதைப் படித்ததும் என் தாயார் கத்தரித்துத் தைத்த பக்கங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் எடுத்தால் ஒரு வாரத்துப் பகுதி அந்த அளவுதான் இருக்கிறது.

---

ரயில்வாசகி | ஞாயிறு, மாலை 6.20 (ஏழு வாரம் கழித்து)

இந்த இழையை மறக்கவில்லை. சொல்ல ஏதாவது இருக்கும்போது எழுதலாம் என்று காத்திருந்தேன்.

வெக்கையை நின்றுகொண்டே ஒன்பது நாளில் முடித்தேன். ஒரு நாள் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. தண்ணீரும் முடிந்தது. அடிபம்பு, குடம், தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம் என்று எல்லாம் எங்கள் தெருவைப் போலவே இருந்தது.

புயலிலே ஒரு தோணியை நூலகர் ஐயா சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து நூறு பக்கம். முன்பு இரண்டு முறையும் நான் தடுக்கி விழுந்தது மலாய்ச் சொற்களில். ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடி நின்றேன். இந்த முறை நிற்கவில்லை. மெடான் தெருவில் கேட்கும் சத்தமாக அவை பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டேன். கதாநாயகன் பாண்டியனுக்குச் சொந்த ஊரான சின்னமங்கலம் நினைவு வரும் பக்கங்கள் வந்ததும் நாவல் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் எழுபது பக்கம் இருக்கிறது. வெட்டொன்று, உங்கள் விதிப்படி போயிருந்தால் இதை இரண்டு முறை அடித்திருப்பேன். இன்னொரு பக்கம், உங்கள் பேச்சைக் கேட்டு நோட்டிலிருந்து ஆறு பெயர்களை அடித்தேன். கல்லூரியில் யாரோ பெரிதாகச் சொன்னார்கள் என்பதற்காக எழுதியவை அவை.

கரிப்பு மணிகள் இன்னும் தொடவில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர்களோடு பழகி எழுதிய நாவலைக் களைத்த மனதோடு படிக்க மனசு வரவில்லை. அதற்கு "விடுமுறை நாள்" என்று குறி போட்டிருக்கிறேன்.

இருவர்_அம்மா, உங்களிடம் சொல்ல வேண்டியதைக் கடைசிக்கு வைத்தேன். ஒன்பதேகாலிலிருந்து பத்து மணி வரை நான் படிப்பேன் என்று வீட்டில் சொன்னேன். மகன் சரி என்றான். மாமியார், "அந்த நேரத்தில்தானே எனக்குக் கால் பயிற்சி" என்றார். உண்மைதான், அதை நான் யோசிக்கவில்லை. பிறகு அவரே, "என்ன படிக்கப் போறே?" என்று கேட்டார். பொன்னியின் செல்வன், இரண்டாம் பாகம் என்றேன். "அப்போ சத்தமாப் படி. நான் காலை நீட்டி மடக்கறேன்" என்றார்.

அவர் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து பைண்டு வாங்கி ஒளித்துப் படித்திருக்கிறார். திருமணமாகி இருபது வருஷத்தில் எனக்கு இது தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாவலும் படிக்கவில்லை என்றார். நான் ஒரு அத்தியாயம் படிக்கிறேன், அவர் எண்ணாமல் பயிற்சி செய்கிறார். அத்தியாயம் முடிவதற்குள் பிசியோதெரபிஸ்ட் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டிவிடுகிறது. மகன் முதலில் அடுத்த அறையில் இருந்தான். இப்போது பாயைக் கொண்டுவந்து இங்கேயே போட்டுக்கொள்கிறான்.

---

இருவர்_அம்மா | ஞாயிறு, இரவு 11.30

இதை நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறேன்.

---

பழைய_பைண்டு | திங்கள், காலை 6.00

எந்த அத்தியாயத்தில் இருக்கிறீர்கள் அம்மா?

---

ரயில்வாசகி | திங்கள், காலை 8.05

நான் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' நடுவில் இருக்கிறேன் ஐயா. போன வாரம் மாதக் கடைசி. நாலு நாள் தொடர்ந்து வீட்டுக்கு வர ஒன்பதரை, பத்து ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் புத்தகத்தை எடுத்து விட்ட இடத்தைத் தேடினேன். மாமியார், "அங்கே இல்லை, தள்ளிப் போ" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த நாலு நாளும் மகனுக்கு அவரே வாசித்திருக்கிறார். இருவரும் என்னைவிட நாலு அத்தியாயம் முன்னால் இருக்கிறார்கள். அம்பத்தூர் வந்துவிட்டது, இடம் கிடைத்திருக்கிறது. இன்றிரவுக்குள் அவர்களைப் பிடிக்க வேண்டும்.